மூன்று தடவை பொலி

தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணியக் கணக்கு லயத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடிய கூட்டம் போல முன்பு ஒருபோதும் கூடியதில்லை. சம்பளப் பேச்சுக்குக்கூட இத்தனை தலைகள் வந்ததில்லை. பிள்ளைக் காப்பகமான புள்ளமடுவத்தில் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினார்கள். விஷயம் ஒன்றுதான். பன்றியைச் சுடத் தோட்டத்துக்குள் துவக்கு வரலாமா, கூடாதா?

வரட்டும் என்ற கட்சிக்குப் பூரணி தலைவி. முப்பத்தெட்டு வயது. கொழுந்து எடுப்பதில் அந்தக் கணக்கிலேயே வேகமான கை. அதைவிட வேகமான வாய். அவள் எழுந்து நின்றால் மற்றவர்கள் தானாக உட்கார்ந்துவிடுவார்கள். மரியாதையால் என்று சொல்ல முடியாது. குறுக்கே பேசியவரை அவள் சும்மா விட்டதாக வரலாறு இல்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஓடையோரம் மரக்கறி போட்டுக்கொள்ளச் சொல்லி நிர்வாகம் கொடுத்திருந்த துண்டுகளில் ஒன்று அவளுடையது. வேலை முடிந்து வந்து, அட்டைக் கடியோடு குனிந்து குனிந்து, இரண்டு போகம் லீக்ஸ் போட்டாள். இரண்டு போகமும் காட்டுப்பன்றிக்குப் படையலாகிப் போனது. போன மாதம் தோட்ட நிர்வாகி தொரை வந்து பார்த்தார். இந்தப் போகமும் வெறுமனே கிடக்கிற துண்டுகளை எடுத்துத் தேயிலை நட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் போகம் இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. இன்னும் பத்தே நாள், பிடுங்கிவிடலாம். நான்கு நாளைக்கு முன்பு பக்கத்துத் துண்டில் பன்றி இறங்கியிருந்தது. அடுத்தது யாருடையது என்று கேட்க ஜோசியக்காரன் தேவையில்லை.

துவக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. வட்டகொடை பஜாரில் கடை வைத்திருக்கும் ஹுசைன் முதலாளியுடையது. ஓடைக்குக் கீழே அவருக்கு இரண்டு ஏக்கர் சொந்த நிலம். கரட்டும் கோவா என்கிற முட்டைக்கோஸும் போட்டிருந்தார். நிலத்துக்கு அவர் பெயரில் எழுதிய உறுதி இருந்தது, உறுதி இருந்ததால் அனுமதிப் பத்திரம் இருந்தது, பத்திரம் இருந்ததால் ஒற்றைக்குழல் துவக்கும் இருந்தது. லயத்துக்காரர்களுக்கு முதலாவதே இல்லை. ஐந்து தலைமுறையாக அந்த மண்ணில் குனிந்தவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"பன்னி உறுதி பாத்தா திங்குது?" என்று பூரணி கேட்டாள். "காயிதம் இல்லாதவன் சோத்துலயும் அது வாய வைக்குதுல்ல? அப்ப நம்ம சோத்த நாம காப்பாத்திக்கிறது நம்ம பாத்தியத இல்லயா?"

கைதட்டல் எழுந்தது. அவள் முகம் சிவந்து ஜொலித்தது. ஹுசைன் நானாவிடம் தான் ஏற்கெனவே பேசிவிட்டதாகவும், விடியற்காலையில் துண்டுகள் பக்கம் வந்து நிற்கச் சம்மதித்துவிட்டதாகவும், தொழிலாளர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று தொரை சொன்னதாகவும் அறிவித்தாள். அடுத்து எடுத்துவிட்டாள் பாருங்கள் ஒரு பாயிண்ட். சுடப் போகிறவர் பன்றி இறைச்சியைக் கையாலும் தொடாதவர். அவருக்கு அவசரம் ஏது? வாயில் எச்சில் ஊறுகிறவன் கையில் துவக்கைக் கொடுத்தால் புதர் அசைந்தாலே சுடுவான். ஆசை இல்லாத கையில் இருந்தால்தான் துவக்குக்குப் புத்தி இருக்கும். சுடுகிறது அவர், திங்கிறது நாம். இதற்கு மேலே என்ன வேண்டும்?

கூட்டம் ஆடிப்போனது. அடுத்த வாரமே இறைச்சி கிடைக்கும் என்ற நினைப்பில் பாதிப் பேர் கட்சி மாறினார்கள்.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் பூரணியின் கணவர் சிவசாமி. அவருக்குத் துவக்கு பிடிக்கவில்லை, கம்பிச் சுருக்குதான் பிடித்தம். ஒரு முழக் கம்பியில் சத்தமில்லாமல் முடிகிற வேலைக்கு இத்தனை பேச்சா என்றார். போன வருஷம் அப்படி ஒரு சுருக்கில் லயத்து நாய் இடுப்பு அறுந்து இரண்டு நாள் கத்திச் செத்ததை நான்கு பேர் ஒரே நேரத்தில் ஞாபகப்படுத்தினார்கள். இனி யாரும் சுருக்கு வைக்கக் கூடாது என்று அங்கேயே முடிவாயிற்று. சங்கச் செயலாளர் துஷாந்த் அதைக் கொப்பியில் எழுதினான். ஆண்கள் எல்லாரும் கோயில் பக்கம் திரும்பிக் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். சிவசாமியும் செய்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் கையை அடித்தார். பெண்சாதியிடம் தோற்ற வருத்தம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொருவர் ராக்காயி. மலையில் பூரணிக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். அதிகம் பேசாதவள். அவள் எழுந்தபோது கூட்டம் தானாக அமைதியானது. அவளுடைய கொழுந்தன் வேறொரு தோட்டத்தில் விறகு பொறுக்கக் குனிந்திருந்தபோது சுடப்பட்டவன். சுட்டவன் அவனுக்குச் சிநேகிதன். பன்றி என்று நினைத்தேன் என்று அழுதான். அவன் அழுததும் உண்மை, கொழுந்தன் இன்றைக்கும் கம்பூன்றி நடப்பதும் உண்மை.

"நம்ம நனையாம இடுப்புல சுத்திக் கட்டுற படங்கு என்ன நெறம்?" என்று ராக்காயி கேட்டாள். "கறுப்பு. பனிமூட்டத்துல குனிஞ்சா நாமளும் பன்னிதான். அதுனால சுடுறதுக்கு முன்னாடி மூணு தடவ பொலி கூப்பிடணும். பதில் வந்தா மனுசன். அத எழுதுங்க."

மலையில் காலையில் முதல் கை செடியில் படும்போது ஒருத்தி "பொலி" என்று குரல் கொடுப்பாள். மற்ற எல்லாரும் "பொலி" என்று திருப்பிச் சொல்வார்கள். அன்றைக்குக் கொழுந்து பெருகட்டும் என்பதற்கான சொல் அது. யார் எந்த நிரையில் நிற்கிறார்கள் என்று பனிமூட்டத்தில் தெரிந்துகொள்வதும் அதை வைத்துத்தான். பதில் சொல்லாதவளை அன்று முழுக்கக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள். கங்காணி முதல் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் வரை எல்லாருக்கும் அது நாக்கிலேயே ஊறிப்போன பழக்கம்.

பூரணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உலகத்தில் எந்த வேட்டைக்காரன் முதலில் கூப்பிட்டு அறிவித்துவிட்டுச் சுடுகிறான்? "ஏங்க்கா, பன்னிக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும்னும் சேத்து எழுதிருவோமா?" என்றாள். புள்ளமடுவத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. பொலி கேட்டதும் பன்றி "ஆஜர் ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுமாம் என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒருவன் எடுத்துக்கொடுத்தான். ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. அதை எழுதாவிட்டால் தன் வீடு சம்மதிக்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னும் ஒன்பது வீடுகள் இருந்தன. வேறு வழியில்லாமல் துஷாந்த் அதை எழுதினான். நாலு காலும் மூஞ்சியும் தெரியாமல் சுடக் கூடாது, விசில் ஊதும் வரை யாரும் ரோட்டைத் தாண்டிக் கீழே இறங்கக் கூடாது என்பவற்றுக்கெல்லாம் கீழே, கடைசி வரியாக.

பூரணி ஜெயித்துவிட்டாள். லயத்துக்குத் திரும்பும்போது அவள் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை விடியலுக்கு நாள் குறித்தார்கள். செவ்வாய் மாலையே அவள் மிளகும் மல்லியும் வறுத்து இறைச்சிக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், பன்றி இன்னும் காட்டில்தானே இருக்கிறது என்று கேட்டதற்கு, நாளைக்கு இந்நேரம் சட்டியில் இருக்கும் என்று பதில் சொன்னாள்.

காலையில் அவள் புறப்பட்டபோது சிவசாமி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். வயிறு சரியில்லை, பிறகு வந்து ரோட்டில் மற்றவர்களோடு நிற்கிறேன் என்றார். இன்றைக்குப் பார்த்து வயிறு வலிக்கிறதாம், பொறாமைக்குத்தான் எத்தனை பெயர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

ஹுசைன் சொன்ன நேரத்துக்குப் பாலத்தடியில் நின்றார். ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, காதுவரை மூடிய குல்லா. துண்டுகளின் மேடுபள்ளம் தெரிந்தவள் என்பதால் வழிகாட்ட அவரோடு பூரணி மட்டும் இறங்கலாம் என்று ஏற்பாடு. ராக்காயி, துஷாந்த் இன்னும் பத்துப் பதினைந்து பேர் மேலே ரோட்டில் நின்றுகொண்டார்கள். கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. பனிமூட்டம் ஓடையிலிருந்து எழும்பி, துண்டுகளை மூடி, தேயிலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பூரணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற சந்தோஷம்.

முள்ளுமுருங்கை மரத்தடியில் இருவரும் பதுங்கினார்கள். ஹுசைன் தோட்டாவைப் போட்டுத் துவக்கை மடக்கிக்கொண்டார். விரலை விசைக் குதிரையில் வைக்காமல் மரக்கட்டையோடு நீட்டி வைத்திருந்தார். நேரம் நகரவே மாட்டேன் என்றது. அட்டை ஒன்று பூரணியின் கணுக்காலில் ஏறியது. அவள் அதைத் தட்டிவிடக்கூட அசையவில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மண்ணைக் கிளறுகிற சத்தம். அவளுடைய துண்டின் ஓடையோர எல்லையில், முப்பது பாக தூரத்துக்குள், கறுப்பாக ஒன்று அசைந்தது. அகலமான முதுகு. முன்னால் சாய்ந்து எதையோ இழுத்தது, நிறுத்தியது, திரும்பவும் இழுத்தது.

பூரணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு போகத்தைத் தின்ற திருடன் இதோ கைக்கெட்டும் தூரத்தில். "நானா, அந்தா நிக்குது. அடிங்க" என்று அவர் காதில் ஊதினாள்.

ஹுசைன் துவக்கைத் தூக்கி உற்றுப் பார்த்தார். கால் தெரியவில்லை என்றார் மெதுவாக. லீக்ஸ் மறைக்கிறது, வேறென்ன என்றாள் அவள். மூஞ்சியும் தெரியவில்லை என்றார். மூஞ்சியை மண்ணுக்குள் விட்டுக் கிளறுகிறது, எப்படித் தெரியும் என்றாள். கறுப்பு முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து திரும்பக் குனிந்தது.

"அடிங்க நானா. போயிரும்."

"எழுதினா எழுதினதுதான் தங்கச்சி. நான் கண்ண எடுக்கேலா. நீங்க கூப்புடுங்க."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கையிலிருந்து துவக்கைப் பிடுங்கியிருப்பாள். ஆசை இல்லாத கை வேண்டும் என்று தானே பேசி ஜெயித்தது தனக்கே வினையாகிவிட்டதே என்று பல்லைக் கடித்தாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். கூப்பிட்டதாகவும் ஆக வேண்டும், பன்றி ஓடவும் கூடாது என்று, உதட்டுக்குள்ளேயே "பொலி" என்றாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒண்டு" என்றார் ஹுசைன். இது என்ன கூப்பிடுதல் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை அரைக் குரலில் கூப்பிட்டாள். கறுப்பு முதுகு சட்டென்று தாழ்ந்தது. தாழ்ந்து, அப்படியே உறைந்து நின்றது. மனிதக் குரல் கேட்டிருந்தால் பன்றி ஓடியிருக்குமே என்று ஹுசைன் முணுமுணுத்தார். பெரிய ஆண் பன்றி, அதற்குப் பயம் கிடையாது, திரும்பினால் நம் மேலேதான் பாயும், இப்போது அடிக்காவிட்டால் எப்போது அடிப்பது என்று அவள் படபடத்தாள். அவர் விரல் மரக்கட்டையை விட்டுக் குதிரைப் பக்கம் போனதை அவள் பார்த்தாள். பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"இன்னொண்டு ஈக்கிது. மலையில கூப்புடுற மாதிரி கூப்புடுங்க" என்றார் அவர்.

போய்த் தொலையட்டும் என்று பூரணி எழுந்து நின்றாள். பன்றி ஓடினால் பழி ராக்காயி தலையில். அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, ஒவ்வொரு காலையும் ஐந்து ஏக்கர் மலைக்குக் கேட்கக் கொடுப்பாளே, அந்தக் குரலில், "பொலி" என்றாள்.

ஓடை சலசலத்தது. பனி நகர்ந்தது. பிறகு, அந்தக் கறுப்பு முதுகுக்குள்ளிருந்து, விருப்பமே இல்லாத ஒரு மெல்லிய குரல் வந்தது.

"பொலி."

இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட குரலை அவளுக்குத் தெரியாதா?

ஹுசைன் துவக்கை வானத்துக்குத் திருப்பி, மடக்கைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்தார். அவர் என்னவோ ஓதினார். பூரணி லீக்ஸை மிதித்துக்கொண்டு ஓடினாள். மூன்று போகம் உழைத்த பாத்தி என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

சிவசாமி முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய பழைய படங்கைப் பனிக்குத் தோளில் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். கையில் கம்பிச் சுருக்கு. அதைக் கட்டியிருந்த முளையைத்தான் அத்தனை நேரமும் மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கூட்டத்துக்கு முந்தைய வாரமே இரண்டு சுருக்கு வைத்துவிட்டாராம். சத்தியம் செய்த பிறகு தூக்கம் வரவில்லையாம்; யார் கண்ணிலாவது படும் என்று அவிழ்ப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாராம். இன்றைக்கு ஊரே இறங்கினால் யார் காலாவது மாட்டும், மாட்டாவிட்டாலும் மானம் போகும் என்று, அவள் கிளம்பியதும் பின்வழியாக ஓடி வந்திருக்கிறார். ஒன்றை அவிழ்த்தாகிவிட்டது. இரண்டாவது முளை வரமாட்டேன் என்றது.

"மொத தடவ கேக்கல. ரெண்டாவது ஒன் குரல்னு தெரிஞ்சிச்சு" என்றார். "கம்பியோட மாட்டிக்கிட்டேனேன்னு பதுங்குனேன். மூணாவது... வாய் தானா சொல்லிருச்சு பூரணி."

அவள் அவரை அடித்தாள். தோளிலும் முதுகிலும் படங்கின் மேல் பட்பட்டென்று அடித்தாள். அடிக்க அடிக்க அழுகை வந்தது. அவர் செத்திருந்தால் என்ற பயத்தைவிட, அடிங்க அடிங்க என்று அவர் உயிருக்குத் தானே அவசரப்பட்ட வெட்கம் அவளைப் போட்டு உலுக்கியது. மசாலா வேறு அரைத்து வைத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழேயிருந்து உறுமல் கேட்டது. ஹுசைனுடைய கரட் பாத்தியிலிருந்து ஒரு பெரிய பன்றியும் அதன் பின்னால் நான்கு குட்டிகளும் வெளியே வந்தன. இவர்கள் மூவருக்கும் பத்துப் பாகம் தள்ளி, ஒரு பரபரப்பும் இல்லாமல், நாலு காலும் மூஞ்சியும் நன்றாகத் தெரிய, ஓடையைக் கடந்து மானாப்புல் காட்டுக்குள் போயின. துவக்கு திறந்தபடி ஹுசைனின் கையில் தொங்கியது. அவர் தோட்டாவைப் போடவில்லை. அதைப் பூரணியின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினார்.

"இனி இது ஒங்க கையில ஈக்கட்டும் தங்கச்சி. நீங்க மூணு தடவ கூப்பிட்டு முடிச்ச பொறகு தாங்க. அது வரைக்கும் துவக்கு வெறும் கம்பு."

வெடிச் சத்தம் கேட்காததால் மேலே ரோட்டில் இருந்தவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்றியா, என்ன ஆனது என்று பனிக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். சிவசாமி அவசர அவசரமாகக் கம்பியைச் சுருட்டி இடுப்பில் செருகினார். ஓடைத் தண்ணீர் திருப்ப வந்தேன் என்று சொல்லிவிடு என்று அவள் முந்தானையைப் பிடித்துக் கெஞ்சினார். ஹுசைன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொல்லமாட்டார் என்பது பூரணிக்குத் தெரிந்தது. அவள் நினைத்தால் போதும்; இது மூன்று பேரோடு முடிந்துவிடும்.

அவள் கணவரின் இடுப்பிலிருந்து கம்பியை உருவினாள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"பன்னி இல்ல" என்று மேலே பார்த்துச் சொன்னாள். "எம் புருசன். சுருக்கு அவுக்க வந்தாரு. நாந்தான் பன்னின்னு சொல்லி அடிங்க அடிங்கன்னேன். ஹுசைன் நானா எம் பேச்சக் கேக்கல. ராக்காயக்கா, ஒங்க சட்டத்த மொத வரியா எழுதச் சொல்லுங்க."

வாயாடி பூரணி ஊர் நடுவில் தோற்று நிற்கிறாள். சிரிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவள் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். பனிக்குள் யார் முகமும் தெரியவில்லை.

பிறகு ராக்காயியின் குரல் வந்தது. கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. காலையில் ஆளெண்ணுகிற அதே குரல்.

"பொலி."

சிவசாமி முதலில் பதில் சொன்னார். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார். ராக்காயி திரும்பவும் கூப்பிட்டாள். ஹுசைன் குல்லாவைக் கழற்றிவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, தயங்கித் தயங்கி "பொலி" என்றார். கீழே சொல்லிவிட்டுப் போனவர்கள், சொல்லாமல் போனவர் எல்லாருமாக மூன்று பேர். பதில் வந்தது இரண்டுதான். மேலே அவர்கள் காத்து நின்றார்கள்.

தோட்டாவை இறுக்கிப் பிடித்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பூரணி வாயைத் திறந்தாள். ராக்காயி மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.